அங்கம்மா சொன்னது ஒன்றுதான்

அங்கம்மா அவர்கள் காலமான செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கொழும்பில் நான் வேலை செய்யும் பதிவேட்டு அறைக்குத் தந்தியாக வந்தது. அனுப்பியிருந்தவர் அவருடைய மூத்த மகள் லெட்சுமி. அம்மா இறந்துவிட்டார், நாளை அடக்கம், வருவதும் வராததும் உங்கள் விருப்பம். சொல்லுக்குச் சொல் காசு வாங்கும் தந்தியில் அந்தக் கடைசிச் செய்தியையும் லெட்சுமி விடாமல் சேர்த்திருந்தார்.

நான் போனேன். மறுநாள் காலை ரயிலேறி வட்டவளையில் இறங்கி, மூன்று மைல் மலையேறி, அடக்கம் முடியும் வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

பத்து நாள் கழித்து அந்தத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கருப்பையா அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்களாம். "நீங்க படிச்சவங்க, அம்மாவோட பழகினவங்க. நல்ல விதமா நாலு பக்கம் எழுதிக் குடுங்க. பழைய மனக்கசப்பு எதுவும் வேணாம்" என்று கேட்டிருந்தார்.

எழுதுகிறேன். ஆனால் மனக்கசப்பை நீக்கிவிட்டு அங்கம்மா அவர்களைப் பற்றி எழுத முடியாது. அவருடைய கடைசி ஆறு ஆண்டுகளில் பாதிக்கு மேல் அந்தக் கசப்பிலேயே கழிந்தது. அதைக் கொடுத்தவர்களில் கருப்பையா அவர்களும் உண்டு. நானும் உண்டு. மலரில் இதைப் போட மாட்டார்கள் என்றால் வேறிடத்தில் நானே போட்டுக்கொள்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். அங்கம்மா அவர்கள் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே மணமாகி, அங்கேயே விதவையானவர். கணவர் மாடசாமி நிழல் மரம் வெட்டும்போது மரம் சாய்ந்து இறந்துபோனார். அதன்பின் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஒரு பசுவையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். நெடிய உருவம், கரகரத்த குரல். ஒரு சங்கதியைச் சொன்னால் தெளிவாகச் சொல்வார். "என்ன சொன்னீங்க?" என்று மறுபடி கேட்டால், "ஒருக்காத்தான் சொல்லுவேன். காத இங்க வச்சுக் கேளுங்க" என்பார்.

நான் ராகலைப் பக்கத்தில் பிறந்தவன். தகப்பனார் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர். மூன்று மொழிகள் தெரிந்ததால், லஞ்சம் வாங்கும் அரசாங்க உத்தியோகத்தர்களைப் பிடிப்பதற்காக நாடு முழுவதற்கும் ஏற்படுத்தப்பட்ட அலுவலகத்தில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. அந்த அலுவலகம் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்கள் அதைப் பற்றிப் பெரிதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு நீண்ட மேசை, அதன்மேல் தினமும் வந்து குவியும் கடிதங்கள். மலைநாட்டிலிருந்து வருபவற்றில் பெரும்பாலானவை மொட்டைக் கடிதங்கள். 'உண்மை விளம்பி' என்றும் 'ஏழைப் பொதுமகன்' என்றும் கையெழுத்திட்டிருக்கும். அவற்றைப் படித்து, இலக்கமிட்டு, அலமாரியில் வைப்பார்கள். அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. யாராவது ஒருவர் தன் பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டி, நீதிமன்றத்தில் ஏறி நிற்கிறேன் என்று சொன்னால்தான் எங்கள் அலுவலகத்துக்குக் கால் முளைக்கும். பெயர் சொல்ல ஆளில்லாதபோது நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு தேநீர் குடிப்போம்.

அங்கம்மா அவர்களின் கடிதத்தில் பெயர் இருந்தது. தோட்டம், பிரிவு, வரிசை வீடுகளான லயத்தின் இலக்கம், அதில் அவர் குடியிருந்த ஒற்றை அறையான காம்பிராவின் இலக்கம் எல்லாம் இருந்தன. கீழே பெருவிரல் ரேகை. ஹட்டன் தபாற்கந்தோர் வாசலில் மனு எழுதுகிறவர், "பேரு வேணாம்மா, பிரச்சினையாகும்" என்றாராம். "பேரு இல்லாட்டி யாரு வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க?" என்று இவர் எழுத வைத்திருக்கிறார்.

விஷயம் இதுதான். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்த தோட்ட மக்களின் கோப்புகள் அப்போது மலைநாட்டு நகரமொன்றிலிருந்த ஓர் அலுவலகத்தில் இருந்தன. எந்த நகரம், எந்த அலுவலகம் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. அங்கே ஓர் எழுத்தர். தோட்டத்து மக்கள் அவரைக் கிளாக்கர் ஐயா என்பார்கள். அவர் கை வைத்தால்தான் கோப்பு மேலே போகும். கோப்பு போகாவிட்டால் விசாரணை இல்லை. விசாரணை இல்லாவிட்டால் பிறந்த நாட்டிலேயே நாடற்றவர். கோழி, தேன் போத்தல், பலாப்பழம், சேலை என்று அவரவர் இருப்பில் கொடுத்தார்கள். அங்கம்மா அவர்களிடம் அவர் பசுவைக் கேட்டார்.

நானும் இன்ஸ்பெக்டர் ஜயசேன அவர்களும் ராகலை மரக்கறி வியாபாரிகள் என்று சொல்லிக்கொண்டு வட்டவளையில் இறங்கினோம். லயத்துக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் மட்டும் சொல்லி, பார்சல் அறையில் உட்கார்ந்தோம். அங்கம்மா அவர்கள் அரை நாள் வேலையை விட்டுவிட்டு மழையில் மூன்று மைல் இறங்கி வந்தார். தலையில் போட்டிருந்த சாக்கை உதறி வாசலில் வைத்துவிட்டு, நின்றுகொண்டே சொல்லத் தொடங்கினார்.

"நாலு தடவ போனேங்க. நாலாவது தடவ, ஒன் பைலக் காணோமேன்னாரு. நான் அழுதேன். அப்புறம் மாட்டக் கேட்டாரு. 'மாடு இங்க வந்தா பைலு அங்க போகும்'னாரு. அம்புட்டுதான்."

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் அரைகுறை. அவர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். கீழே போகும் ரயிலுக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. "சுருக்கமாக எழுது, சுருக்கமாக எழுது" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். கிளாக்கர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. 'மாட்டைக் கேட்டார்' என்றால் மாட்டைத் தா என்று கேட்டார் என்பது அந்த அறையில் இருந்த எனக்குத் தெரியும். ஆனால் நலம் விசாரிக்கும்போது 'அவரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்' என்று நாம் சொல்வதில்லையா? அப்படி விசாரித்தார் என்றும் அது பொருள்படும். கைப்பழக்கத்தில் நான் எழுதியது அந்த இரண்டாவது பொருளை. இரண்டு வாக்கியத்தையும் ஒன்றாக்கி, 'மாட்டைப் பற்றி விசாரித்தார்' என்று ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டேன்.

எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாசித்துக் காட்டினேன். ஆனால் தாளைப் பார்த்து மொழிபெயர்க்கவில்லை. ரயில் சத்தம் கேட்டுவிட்டது. அவர் சொன்னதையே நினைவிலிருந்து அவருக்குத் திருப்பிச் சொன்னேன். "சரிதானே அம்மா?" என்றேன். "நான் சொன்னதத்தானே சொல்றீங்க, சரிதான்" என்று பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்.

அடுத்த வாரம் அவரைக் கொண்டே பொறி வைத்தோம். இது எப்படி என்றால், கேட்ட பொருளைக் கேட்டவரிடம் கொடுக்க வைத்து, கை மாறும் நேரத்தில் பிடிப்பது. பசுவுக்கு அடையாளம் வேண்டும் என்று மிருக வைத்தியர் ஒருவர் அதன் இடது காதில் சிறு துண்டு வெட்டினார். அங்கம்மா அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்: "புடிச்சு முடிஞ்சோடன மாட்டத் திருப்பிக் குடுத்துருவீங்கதானே?"

இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். "வழக்கு முடிந்த பிறகு" என்றார் அவர். வழக்கு முடிய ஆண்டுக்கணக்காகும் என்பது இருவருக்கும் தெரியும். நான் அங்கம்மா அவர்களிடம் "கொஞ்ச நாள்ல குடுத்துருவாங்கம்மா" என்றேன்.

எழுத்தர் குடியிருந்த குவார்ட்டர்சுக்கு நானும் அங்கம்மா அவர்களின் அண்ணன் என்று சொல்லிக் கூடவே போனேன். எழுத்தர் பனியனோடு வாசலுக்கு வந்தார். பசுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரு இது?"

"அண்ணன்ங்க. மாடு தனியா வராதுன்னு கூட்டியாந்தேன்."

"பின்னால கட்டிட்டுப் போங்க. பைலு நாளைக்கு மேல போயிரும்."

அவ்வளவுதான் அவர் பேசியது. சாலையில் நின்ற இன்ஸ்பெக்டர் நான் தலையைத் துடைத்த சைகையைக் கண்டு உள்ளே வந்தார். எழுத்தர் முகம் வெளுத்துப்போனது. ஆனால் மூளை வேலை செய்தது. "நான் வெலைக்குத்தான் மாடு பேசுனேன். வெல இன்னும் தீரல" என்றார். அதையே கடைசி வரை பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை அவருடைய அலுவலக அறையைச் சோதனை போட்டு அலமாரியில் இருந்த கோப்புகளையெல்லாம் எடுத்து முத்திரை வைத்தோம். வழக்குக்குச் சான்றுப் பொருள் வேண்டும். அங்கம்மா அவர்களின் கோப்பு அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. காணாமல் போகவே இல்லை. அதோடு அவருடைய தோட்டத்துப் பிரிவைச் சேர்ந்த நாற்பது குடும்பத்தின் கோப்புகளும் இருந்தன. அவற்றையும் பெட்டியில் போட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினோம். பசுவும் சான்றுப் பொருளாகி, நீதிமன்றம் ஏற்பாடு செய்த ஒருவரின் தொழுவத்துக்குப் போனது. அதன் பாலை யார் கறந்து குடித்தார்களோ, அங்கம்மா அவர்கள் வீட்டுக்கு ஒரு சிரட்டை வரவில்லை.

கொழும்பில் எங்கள் தலைமை அதிகாரி எங்களைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். வேலை முடிந்தது என்று நாங்கள் அடுத்த கடிதத்தை எடுத்தோம்.

லயத்தில் என்ன நடந்தது என்பதை, சாட்சி அழைப்பாணையைக் கொடுக்க நான் முதன்முதலாக மேலே போனபோதுதான் பார்த்தேன். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஐந்தாறு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அங்கம்மா அவர்கள் குடத்தோடு வந்ததும் அத்தனை பேரும் பாதி நிறைந்த குடங்களைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். ஒருத்தி மட்டும் போகிற போக்கில், "மாட்டுக்காரி வந்துட்டா, இனி தண்ணிக்கும் கேசு போடுவா" என்றாள். அவர் பீலிக்கு அடியில் குடத்தை வைத்தார்.

கருப்பையா அவர்கள் அங்கேயே என்னைப் பிடித்துக்கொண்டார். ஆனால் எனக்குக் கேட்கும்படி அங்கம்மா அவர்களிடம்தான் பேசினார்.

"ஒரு மாடு தானே அங்கம்மா? குடுத்துட்டுப் போயிருந்தா ஒன் காரியமும் முடிஞ்சிருக்கும், எங்க காரியமும் முடிஞ்சிருக்கும். இப்ப நாப்பது குடும்பத்துக் காயிதமும் கோர்ட்டுப் பெட்டிக்குள்ள பூட்டிக் கெடக்கு. நாளைக்கு எங்கள இந்தியாவுக்குக் கப்பலேத்தி விட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?"

"அண்ணே, ஒங்ககிட்டயும் கேட்டான்ல? நீங்க என்ன குடுத்தீங்கன்னு இந்த ஐயா முன்னால சொல்லவா?"

கருப்பையா அவர்கள் திரும்பிப் போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு அங்கம்மா அவர்களுக்கு மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்க ஆள் நிற்கவில்லை. இளைய மகள் சடங்கானபோது தாய்மாமன் முறைக்காரர் ஒருவரும் வரவில்லை. தோட்டத்து நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போன நாட்களுக்கெல்லாம் வேலைக்கு வராதவர் என்று பெயரில் குறிப்பு எழுதினார்கள்.

இவற்றையெல்லாம் நான் என் அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். சாட்சிக்கு நேரும் சிரமங்கள் இந்த அலுவலகத்தின் பொறுப்பில் வராது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தாளை வைத்திருக்கிறேன்.

வழக்கு தவணைக்கு மேல் தவணையாகப் போனது. எழுத்தரின் வக்கீலுக்குக் காய்ச்சல், நீதவான் மாற்றம், இன்ஸ்பெக்டருக்கு வேறு வழக்கு. ஒவ்வொரு தவணைக்கும் அங்கம்மா அவர்கள் வந்தார். ஒரே வெள்ளைச் சேலை, கையில் ரொட்டிப் பொட்டலம். நீதிமன்றப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்.

ஒரு நாள் அந்தப் படிக்கட்டில் என்னிடம் கேட்டார்: "அந்த நாப்பது பைலையாச்சும் விட்டுரச் சொல்ல முடியாதாங்க? என்னோடது ஒண்ணு போதாதா கேசுக்கு?"

"அது நம்ம கையில இல்லம்மா. சான்றுப் பொருள்னு ஒருக்கா குடுத்துட்டா கோர்ட்டுதான் விடணும்."

"அப்ப கோர்ட்டுல யாரு கேக்கணும்?"

"எங்க வக்கீலு கேக்கலாம். ஆனா அவர் கேக்க மாட்டாரு. நெறைய பைலு இருந்தாத்தான் கேசு பலமா இருக்கும்னு நெனைக்கிறாரு."

அவர் ரொட்டியை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அன்றும் வழக்கு கூப்பிட்டார்கள், அன்றும் தவணை கேட்டார்கள். நீதவான் அடுத்த திகதியை எழுதக் குனிந்தபோது, பின்னால் போட்டிருந்த வாங்குப் பலகையிலிருந்து அந்தக் கரகரத்த குரல் வந்தது.

"சாமி, ஒரு வார்த்த."

நீதிமன்றச் சேவகர் அதட்டினார். எங்கள் வக்கீலே திரும்பிக் கையால் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. நீதவான் என்னவென்று கேட்கச் சொன்னார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் முதலியார் கேட்டார்.

"சாமி, குத்தம் என் பைலுல நடந்தது. என்னோடத நீங்க எத்தன வருஷம் வேணும்னாலும் வச்சுக்கங்க. மத்த நாப்பது குடும்பம் என்ன பாவம் செஞ்சாங்க? அவங்க பைலக் குடுத்துருங்க. அவங்க என்னோட பேசுறதில்ல. அதுனால எங்களுக்காகக் கேளுன்னு அவங்க என்கிட்ட சொல்ல மாட்டாங்க. நானாத்தான் கேக்குறேன்."

முதலியார் நல்லவர். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். நான் பின்னால் நின்று கேட்டேன். இப்படித்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று அன்றே எனக்கு உறைத்தது. நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எங்கள் வக்கீலைப் பார்த்து, இந்தக் கோரிக்கை உங்களிடமிருந்து ஏன் வரவில்லை என்று கேட்டார். பட்டியல் எழுதி வாங்கிக்கொண்டு, அங்கம்மா அவர்களின் கோப்பைத் தவிர மற்றவற்றை விடுவிக்கும்படி உத்தரவிட்டார்.

நாற்பது குடும்பங்களின் விசாரணையும் அதன்பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. பலருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது; கருப்பையா அவர்களுக்கும் கிடைத்தது. ஒருவராவது அங்கம்மா அவர்களின் வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாரா என்று லெட்சுமியிடம் கேட்டேன். "கோர்ட்டே விட்டுருச்சுன்னு சொல்லிக்கிட்டாங்க" என்றார்.

ஒருவழியாக வழக்கு விசாரணைக்கு வந்தது. அங்கம்மா அவர்கள் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார். 'மாடு இங்க வந்தா பைலு அங்க போகும்' என்று எழுத்தர் சொன்னதையும் சொன்னார். எழுத்தரின் வக்கீல் எழுந்து என் கையெழுத்திலிருந்த வாக்குமூலத்தை எடுத்தார்.

இந்த வார்த்தை இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மாட்டைப் பற்றி விசாரித்தார் என்றுதானே நீ அன்று சொல்லியிருக்கிறாய்? விலைக்கு வாங்க வருகிறவன் மாட்டைப் பற்றி விசாரிக்க மாட்டானா? அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?

முதலியார் தமிழில் சொன்னதும் அங்கம்மா அவர்களுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பி, நான் உட்கார்ந்திருந்த வாங்கைப் பார்த்தார்.

"சாமி, நான் சொன்னது ஒண்ணுதான். எழுதுனவருதான் வேற எழுதியிருக்காரு."

மதிய இடைவேளையில் படிக்கட்டில் என் எதிரே வந்து நின்றார்.

"அதுல என்னா எழுதியிருக்கீங்க?"

சொன்னேன்.

"எனக்கு வாசிச்சப்ப சரியாத்தானே வாசிச்சீங்க?"

"ஆமாம்மா. தாளப் பாத்து வாசிக்கல. நீங்க சொன்னத அப்படியே திருப்பிச் சொன்னேன்."

"அப்ப போயி அதச் சொல்லுங்க. நான் ஏறி நின்னேன்ல? நீங்களும் ஏறிச் சொல்லுங்க."

நான் இன்ஸ்பெக்டரிடம் போனேன். அவர் கொழும்புக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். நான் மொழிபெயர்த்த வாக்குமூலங்களை வைத்து வேறு பல வழக்குகள் நடக்கின்றன. ஒன்றில் பிழை என்று நானே ஒப்புக்கொண்டால் எல்லாவற்றையும் கிழித்துப் போடுவார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்பது மேலிடத்து உத்தரவு. எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த நேரம். வீட்டில் கைக்குழந்தை. இவற்றைக் காரணமாகச் சொல்லலாம். சொல்லி என்ன?

பிற்பகலில் நான் கூண்டில் ஏறினேன். குவார்ட்டர்சில் கேட்டதைச் சொன்னேன். வாக்குமூலத்தைப் பற்றி எங்கள் வக்கீல் வேண்டுமென்றே எதுவும் கேட்கவில்லை. எதிர் வக்கீலுக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. நானாகவும் வாயைத் திறக்கவில்லை. பின் வாங்கில் வெள்ளைச் சேலை தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இறங்கினேன்.

எழுத்தர் விடுதலையானார். சாட்சியின் பேச்சு முன்னுக்குப் பின் முரண், கோப்பு மேலே போகும் என்றது மாட்டுக்காகத்தான் என்று நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். இன்றும் உத்தியோகத்தில்தான் இருக்கிறார் என்று கேள்வி. எங்கள் அலுவலகத்தில் அந்தக் கோப்பின்மேல் 'முடிந்தது' என்று முத்திரை குத்தினார்கள். அதுவும் ஒரு வேலைதான், அதையும் ஒழுங்காகச் செய்தார்கள்.

பசுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். எலும்பும் தோலுமாய் இருந்தது, பால் வற்றியிருந்தது. அங்கம்மா அவர்கள் அதை மலைக்கு ஓட்டிப் போகவில்லை. நீதிமன்றத்துக்குக் கீழேயிருந்த பால்காரர் ஒருவரிடம் கயிற்றைக் கொடுத்து, "வச்சுக்கங்க. தண்ணி மட்டும் ஒழுங்காக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். ரயில் வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

பிறகு அவருடைய சொந்தப் பிரஜாவுரிமை விசாரணை வந்தது. விசாரித்த அதிகாரி, நீதிமன்றம் நம்பாத பெண்ணின் பேச்சை நான் எப்படி நம்புவது என்று கேட்டு விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார். இதை லெட்சுமி ஒரு தபாலட்டையில் எனக்கு எழுதினார். எதுவும் கேட்டு எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதியிருந்தார்.

அந்த அட்டையை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். நான்காம் நாள் ஒரு சமாதான நீதவான் முன்னால் போய்ச் சத்தியக் கடதாசி முடித்தேன். பார்சல் அறையில் அவர் சொன்னது என்ன, நான் எழுதியது என்ன, வாசித்தது என்ன, ஏன் நீதிமன்றத்தில் சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் அதில் எழுதினேன். அவருடைய மேன்முறையீட்டோடு அதைச் சேர்த்தார்கள். பிரதி எங்கள் அலுவலகத்துக்கும் போனது. அந்த மாதமே என்னை மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து நீக்கிப் பதிவேட்டு அறையில் உட்கார வைத்தார்கள். மொட்டைக் கடிதங்கள் வைக்கும் அலமாரிகள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன.

மேன்முறையீடு வென்றது. அவருக்கும் இரண்டு மகள்களுக்கும் பத்திரம் கிடைத்தது. நான் மகிழ்ச்சியோடு மலையேறிப் போனேன். நான் செய்ததற்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், அதை மறைக்கவில்லை. அங்கம்மா அவர்கள் காம்பிரா வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"பேப்பரு வந்துருச்சுங்க" என்றார். "அதுக்காக நீங்க அன்னைக்கு வாயத் தொறந்ததா ஆயிருமா?"

"ஆகாதும்மா."

"நாலு பேரு முன்னால என்னையப் பொய்க்காரின்னு எழுதிட்டாங்க. அத எந்தப் பேப்பர வச்சும் அழிக்க முடியாது. நீங்க போயிட்டு வாங்க. மழ வருது."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அவர் என்னை மன்னிக்கவில்லை. மன்னித்தார் என்று நான் இங்கே எழுதினால் இன்னொரு பொய் வாக்குமூலம் எழுதியவனாவேன்.

இந்த ஆண்டுத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். எந்தச் சின்னத்துக்குப் போட்டாய் என்று கருப்பையா அவர்கள் வழியில் கேட்டதற்கு, "நீங்க சொன்னதுக்கு இல்ல" என்றாராம். அதன்பிறகு மழைக்காலத்தில் சளிக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடு நான்கு நாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனார். தோட்டத்து மருந்துக் கலவை இரண்டு போத்தல் குடித்தார். ஐந்தாம் நாள் எழவில்லை.

அடக்கத்தன்று லயத்து முற்றம் நிறைய ஆட்கள். தப்பு முழங்கியது. பீலியடியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்த பெண்கள் மாரடித்து அழுதார்கள். கருப்பையா அவர்கள் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, லஞ்சத்தை எதிர்த்து நின்ற வீரப் பெண்மணி என்றும், நம் தோட்டத்துக்கே பெருமை என்றும் பேசினார். நாற்பது குடும்பத்தின் கோப்புகளை மீட்டவர் என்று அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். கேட்கவேண்டியவர் பாடையில் கிடந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கிருந்து இறங்கிப் போய்விடலாமா என்று தோன்றியது. போக எனக்கு என்ன தகுதி? நின்றேன்.

பாடையைத் தூக்கியதும் பெண்கள் வழக்கப்படி முற்றத்தின் எல்லையில் நின்றுகொண்டார்கள். லெட்சுமியும் தங்கையும் மட்டும் நிற்கவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பாடையோடு நடந்தார்கள். கருப்பையா அவர்கள் கையை நீட்டி மறித்தார்.

"பொம்பளப் புள்ளைக குழிமேட்டுக்கு வரக்கூடாதும்மா. வழக்கமில்ல."

லெட்சுமி நின்றார். அழுது வீங்கிய முகம். ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"எங்கம்மா கோர்ட்டுக்கு ஒத்தையாத்தான் போச்சு. அன்னைக்கு ஒருத்தரும் கூடப் போகல, எங்களையும் கூட்டிப் போகல. இதுக்காச்சும் நாங்க கூடப் போறோம். கைய எடுங்க."

கருப்பையா அவர்கள் கையை எடுத்தார்.

தேயிலை மலைக்கு நடுவே குழிமேட்டுக்குப் போகும் பாதை ஒற்றையடிப் பாதை. மழையில் வழுக்கியது. ஆண்கள் கூட்டம் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தது. அக்காளும் தங்கையும் செருப்பில்லாமல், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பாடை தூக்கியவர்களுக்கும் முன்னால் ஏறினார்கள். மேட்டில் உடலைக் குழிக்குள் இறக்கியதும் லெட்சுமி குனிந்து, ஈர மண்ணை இரண்டு கைகளாலும் அள்ளினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. முதல் மண் அவருடையது.

அங்கம்மா அவர்களே, போய் வாருங்கள். உங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கிறார்கள்.